பிள்ளையின் ஐ.இ.பி. மீளாய்வு: குமரி மாவட்டப் பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கல்வித்துறையின் வட்டார வள மையத்திலும் பள்ளி வாசலிலும் மருத்துவ முகாம் வரிசையிலும் திரும்பத் திரும்பக் காதில் விழும் சந்தேகங்களை இங்கே தொகுத்திருக்கிறோம். கேட்டவர்கள் கேட்ட பேச்சிலேயே கேள்விகளைப் போட்டிருக்கிறோம். முதலிலிருந்து படிப்பது நல்லது. முன்னால் சொன்னதைப் பின்னால் மறுபடி சொல்லவில்லை.

"ஐ.இ.பி., ஐ.இ.பி.ன்னு சொல்லுகாங்க. நான் கையெழுத்து மட்டும்தான் போட்டேன். அதுல என்னதான் உண்டு?"

தனிநபர் கல்வித் திட்டம் என்பதைத்தான் எல்லோரும் ஐ.இ.பி. என்கிறார்கள். சிறப்புத் தேவையுள்ள ஒரு பிள்ளைக்கென்றே எழுதும் தாள் அது. இன்றைக்கு அவனால் என்ன முடிகிறது, இந்த ஆண்டுக்குள் எதை எட்ட வேண்டும், அதற்கு வாரத்தில் எத்தனை நாள் யார் எதை வைத்துச் சொல்லிக்கொடுப்பார்கள், வகுப்பிலும் தேர்விலும் என்ன மாற்றம் வேண்டும், அடுத்து எப்போது கூடிப் பார்ப்பது என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். சிறப்புப் பயிற்றுநர், வகுப்பாசிரியர், பெற்றோர் மூவரும் உட்கார்ந்து எழுத வேண்டியது.

ஒரு நகல் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். ஜெராக்ஸ் எடுக்க வழியில்லை என்றால் போனில் எல்லாப் பக்கத்தையும் படம் பிடியுங்கள். நகல் கையில் இல்லாதவர் மீளாய்வில் தலையாட்டிவிட்டு வருவதைத் தவிர வேறொன்றும் செய்ய முடியாது.

"மீளாய்வுன்னா எனக்க மொவனுக்குப் பரீட்சை வைப்பாங்களா?"

இல்லை. பரீட்சை அந்தத் தாளுக்குத்தான். எழுதியது நடந்ததா, எத்தனை நாள் நடந்தது, அதனால் என்ன மாறியது, இனி அதையே தொடர்வதா மாற்றுவதா என்று பார்ப்பதே மீளாய்வு. "உங்க பையன் ஒண்ணும் செய்ய மாட்டேங்கான்" என்று பேச்சு தொடங்கினால் கோபப்படாமல் தாளை எடுத்து நடுவில் வையுங்கள். பேச்சு தானாகத் தாளுக்குத் திரும்பும்.

"வருஷத்துக்கு எத்தனை தடவை? எந்த மாசம் நல்லது?"

ஜூன் அல்லது ஜூலையில் திட்டம் எழுதி, காலாண்டுத் தேர்வு முடிந்ததும் ஒரு முறை, ஜனவரியில் பள்ளி திறந்ததும் ஒரு முறை, ஆண்டு முடிவதற்கு முன் ஒரு முறை பார்ப்பது நடைமுறைக்கு ஒத்துவரும். டிசம்பரை நம்ப வேண்டாம். கோட்டாறு சவேரியார் திருவிழாவுக்கு 3ஆம் தேதி விடுமுறை, பிறகு அரையாண்டுத் தேர்வு, பிறகு கிறிஸ்துமஸ் என்று மாதம் ஓடிவிடும். மார்ச்சும் அப்படித்தான்: அய்யா வைகுண்டசாமி அவதார தினம், மண்டைக்காட்டுக் கொடை, பொதுத்தேர்வு. ஆண்டு இறுதி மீளாய்வைப் பிப்ரவரி இரண்டாம் பாதியிலேயே முடித்துவிடுங்கள்.

அப்பா கடலுக்குப் போகும் வீடுகளில் நாள் குறிப்பதற்கு முன் மீன்பிடித் தடைக்காலத்தைப் பாருங்கள். குளச்சல், தேங்காய்ப்பட்டணம் பக்கம் விசைப்படகுகளுக்கு ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை தடை. சின்னமுட்டம் பக்கம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. தூத்தூர், வள்ளவிளை ஆழ்கடல் படகில் போனவர் வாரக்கணக்கில் வரமாட்டார். திட்டம் எழுதும் முதல் கூட்டத்திலாவது அவர் இருக்கட்டும்.

அறுவைச் சிகிச்சை, வலிப்பு மருந்து மாற்றம், புதிய காதொலிக் கருவி, ஆசிரியர் மாற்றம், இரண்டு வாரத்துக்கு மேல் பள்ளிக்கு வராமை: இதில் எது நடந்தாலும் அடுத்த தேதி வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. ஒரு வரி எழுதிக்கொடுத்து இடையிலேயே கூட்டச் சொல்லலாம்.

"கூட்டத்துக்கு யாரெல்லாம் வரணும்? பிசியோ வரலன்னு ரெண்டு தடவ தள்ளிப் போட்டாச்சு."

வகுப்பாசிரியர், சிறப்புப் பயிற்றுநர், பிள்ளையை வீட்டில் கவனிக்கும் ஒருவர் ஆகிய மூவர் இல்லாமல் கூட்டம் இல்லை. தலைமையாசிரியர் முடிவு சொல்லும் நேரத்துக்காவது வர வேண்டும். இருக்கையை மாற்றுவது, சாய்தளம், கழிப்பறைக் கைப்பிடி எல்லாம் அவர் சொன்னால்தான் நடக்கும். ஆறாம் வகுப்புக்கு மேலே என்றால் பிள்ளை அதிகம் திணறும் பாடத்தின் ஆசிரியரையும் கூப்பிடுங்கள். இயன்முறை மருத்துவருக்காகத் தள்ளிப்போட வேண்டாம். அவரிடமிருந்து அரைப்பக்கக் குறிப்பு போதும்.

வீட்டில் பாட்டிதான் சோறு ஊட்டி, பாடம் சொல்லி, தூங்கவைக்கிறார் என்றால் வரவேண்டியவர் பாட்டி. பத்து நிமிடமாவது பிள்ளையும் இருக்கட்டும். பேச்சு வராத பிள்ளையும் பிடித்த படத்தைத் தொட்டுக் காட்டும்.

"நான் என்னத்தக் கொண்டு போகணும்?"

பிறந்ததிலிருந்து சேர்த்த ஃபைல் முழுவதும் வேண்டாம். ஜூன் மாத நோட்டில் ஒரு பக்கம், இந்த மாத நோட்டில் ஒரு பக்கம். இப்போது சாப்பிடும் மருந்தின் அட்டை. வராத நாட்களின் கணக்கு. போனில் இரண்டு நிமிட வீடியோ: வீட்டில் சட்டை மாட்டுவது, தம்பியோடு பேசுவது, கடையில் சாமான் வாங்குவது எதுவானாலும் சரி. "வகுப்புல வாயே திறக்க மாட்டா" என்கிற பிள்ளை வீட்டில் நான்கு சொல் சேர்த்துப் பேசும் வீடியோ ஒன்று பத்து நிமிட வாக்குவாதத்தை மிச்சமாக்கும். கேட்க வேண்டிய மூன்று கேள்விகளை ஒரு துண்டுத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். மூன்றுக்கு மேல் போனால் ஒன்றுக்கும் பதில் வராது.

"திருவனந்தபுரத்துல டெஸ்ட் எடுத்த ரிப்போர்ட் உண்டு. இங்க செல்லுமா?"

திட்டம் எழுதுவதற்குத் தாராளமாகப் பயன்படும். களியக்காவிளை தாண்டிப் போய்ப் பரிசோதித்தது என்பதற்காக ஒதுக்க வேண்டியதில்லை. ஆனால் இருபது பக்க ஆங்கில அறிக்கையை வகுப்பாசிரியர் படிப்பார் என்று எதிர்பார்க்காதீர்கள். பரிந்துரை உள்ள கடைசிப் பக்கத்தை மட்டும் தமிழில் ஐந்தாறு வரியாக எழுதி மேலே வையுங்கள். சோதனை எந்த மொழியில் நடந்தது என்பதையும் எழுதுங்கள். தமிழ் மட்டும் தெரிந்த பிள்ளைக்கு மலையாளத்திலோ ஆங்கிலத்திலோ நடத்திய மொழிச் சோதனையின் மதிப்பெண்ணை அப்படியே நம்ப முடியாது.

மாற்றுத்திறனாளி சான்றிதழ் வேறு விஷயம். அதை ஆசாரிபள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை போன்ற அரசு மருத்துவ அமைப்பு வழியாகத்தான் வாங்க வேண்டும்.

"'நல்ல முன்னேற்றம் உள்ளது'ன்னு எழுதியிருக்கு. அதுக்கு மேல நான் என்ன கேக்க?"

கேட்க வேண்டியது நிறைய இருக்கிறது. முன்னேற்றம் என்றால் எதிலிருந்து எதற்கு? இரண்டு குறிப்புகளைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒன்று: "தமிழ் வாசிப்பில் முன்னேற்றம் உள்ளது." இன்னொன்று: "ஜூனில் இரண்டெழுத்துச் சொல் 10 காட்டியதில் 2 வாசித்தான். செப்டம்பரில் 10இல் 7. கால், பால், நாய் போலத் துணைக்கால் வரும் சொல் தடையில்லை. கொம்பு வரும் சொல்லில் நிற்கிறான். 'பெண்' என்பதை 'பண்' என்கிறான்." இரண்டாவதைப் படிக்கும் யாருக்கும் நாளைக்கு என்ன சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று தெரியும். முதலாவது யாருக்கும் உதவாது, எழுதியவருக்கும்கூட.

எவ்வளவு உதவியோடு செய்தான் என்பதும் குறிப்பில் வர வேண்டும். கையைப் பிடித்துச் செய்யவைப்பது, முழங்கையைத் தொட்டு நினைவூட்டுவது, சைகை காட்டுவது, வாயால் சொல்வது, ஒன்றும் இல்லாமல் தானாகச் செய்வது என்று ஐந்து படி. ஐந்து பொத்தான் உள்ள சட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். ஜூனில் ஐந்தையும் கைபிடித்துப் போட்டவன், இப்போது கீழ் இரண்டைத் தானாகவும், நடு இரண்டை "போடு" என்று சொன்ன பிறகும், கழுத்துப் பொத்தானைக் கைபிடித்தும் போடுகிறான் என்றால் அது பெரிய நகர்வு. "பொத்தான் போட இயலவில்லை" என்று எழுதினால் அத்தனையும் மறைந்துவிடும். ஒரு நாள் செய்ததை வைத்து "எட்டிவிட்டான்" என்று அடிக்கவும் வேண்டாம். வெவ்வேறு மூன்று நாட்களில், 5 தடவைக்கு 4 தடவை வந்தால்தான் எட்டியதாகக் கணக்கு.

"மூணு மாசமா ஒரு அனக்கமும் இல்ல. பிள்ளைக்கு வராதுன்னு விட்டுரலாமா?"

அந்த முடிவுக்கு வருமுன் சரிபார்க்க வேண்டியவை உண்டு. இதே வரிசையில் பாருங்கள். முதலாவது, வகுப்பு நடந்ததா? வாரம் 2 நாள் என்று எழுதியிருந்தால் 12 வாரத்துக்கு 24 வகுப்பு. மழை விடுமுறை, முகாம் பணி, பிள்ளையின் காய்ச்சல் எல்லாம் போக 9 நடந்திருந்தால், அந்த முறையைப் பற்றி நல்லதாகவோ கெட்டதாகவோ பேச இடமே இல்லை. ஒரு சிறப்புப் பயிற்றுநர் பல பள்ளிகளுக்கு ஓடுகிறார். அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. அவர் வராத நாளில் வகுப்பாசிரியர் 10 நிமிடம் செய்யக்கூடியது எது என்று தாளில் ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள். எங்களுக்குத் தெரிந்து அதிகப் பலன் தரும் ஒற்றை வரி இதுதான்.

இரண்டாவது, உடம்பு. காதொலிக் கருவியைக் கழற்றி, ஆன் செய்தபடி உள்ளங்கையில் மூடிப் பாருங்கள்; கீச்சென்று சத்தம் வர வேண்டும். வராவிட்டால் பேட்டரியோ கருவியோ போயிருக்கிறது. காதில் மாட்டியிருக்கும்போது கீச்சிட்டால், பிள்ளை வளர்ந்து காது அச்சு (காதுக்குள் பொருந்தும் பாகம்) தளர்ந்திருக்கலாம் அல்லது காதில் அழுக்கு அடைத்திருக்கலாம். கடலோரத்தில் வியர்வையும் ஈரக்காற்றும் கருவியைச் சீக்கிரம் கெடுக்கும்; இரவில் சிலிக்கா பொட்டலம் போட்ட டப்பாவில் மூடி வையுங்கள். கண்ணாடியில் கீறல், வலிப்பு மருந்தால் காலையில் தூக்கம் இவற்றையும் கவனியுங்கள்.

மூன்றாவது, படி உயரமாக இருக்கலாம். "10க்குள் கூட்டல்" வராத பிள்ளைக்குப் புளியங்கொட்டையை எண்ணும்போது ஒரு கொட்டைக்கு ஒரு எண் சொல்ல வருகிறதா என்று பாருங்கள். வரவில்லை என்றால் இலக்கு அதுதான். நான்காவது, மொழி. விளவங்கோடு பக்கம் வீட்டில் மலையாளம் பேசும் பிள்ளையும், கடலோரப் பேச்சு பேசும் பிள்ளையும் பாடப்புத்தகத் தமிழில் கேட்டால் விழிக்கும். பொருள் தெரியும், சொல்தான் தெரியாது. வீட்டுச் சொல்லில் கேட்டுப் பார்த்த பிறகு "தெரியவில்லை" என்று எழுதட்டும்.

"மூணு வருஷமா அதே இலக்குதான். தேதி மட்டும் மாறுது."

இரண்டு மீளாய்வில் நகராத இலக்கு மூன்றாவது தாளில் அப்படியே வரக்கூடாது. உடைக்க வேண்டும், சொல்லிக்கொடுக்கும் விதத்தை மாற்ற வேண்டும், அல்லது கைவிட வேண்டும். கைவிடுவதில் வெட்கம் இல்லை. 13 வயதுப் பையனுக்கு "1 முதல் 100 வரை எழுதுவான்" என்று மூன்றாம் முறை எழுதுவதைவிட, தக்கலைக்குப் போகும் பஸ்ஸின் பலகையை அடையாளம் காண்பது, 10 ரூபாயும் 20 ரூபாயும் பிரித்தறிவது, மீதிச் சில்லறைக்குக் கை நீட்டுவது ஆகியவை அவன் வயதுக்கும் வாழ்க்கைக்கும் பொருந்தும்.

"வகுப்புல அரும்பு, மொட்டு, மலர்ன்னு பிரிச்சாச்சு. பின்ன இது எதுக்கு?"

தொடக்க வகுப்புகளுக்கான எண்ணும் எழுத்தும் திட்டத்தில் வரும் அந்தப் பிரிவு, எந்த நிலைப் பாடம் என்று மட்டும் சொல்லும். பிள்ளைக்கு முன்வரிசை வேண்டுமா, பெரிய எழுத்து வேண்டுமா, எழுதாமல் வாயால் சொன்னால் போதுமா என்பதை அது சொல்லாது. இரண்டும் வேண்டும்.

"வகுப்பிலிருந்து எழும்பி ஓடுகான். மத்தியானத்தோட கூட்டிட்டுப் போகச் சொல்லுகாங்க."

பள்ளி நேரத்தைக் குறைப்பது வாய்ப்பேச்சில் நடக்கக்கூடாது. குறைத்தே ஆக வேண்டும் என்றால் ஏன், எத்தனை வாரத்துக்கு, முழு நாளுக்கு எப்படித் திரும்புவது என்று திட்டத்தில் தேதியோடு எழுத வேண்டும். முடிவுத் தேதி இல்லாத அரைநாள் என்பது பிள்ளையைப் பாதி வெளியே அனுப்பியதற்குச் சமம்.

அதற்கு முன் 5 பள்ளி நாட்களுக்கு ஒரு குறிப்பு வைக்கச் சொல்லுங்கள்: ஓடிய நேரம், அதற்குச் சற்று முன் நடந்தது, ஓடிய பிறகு கிடைத்தது. பெரும்பாலும் ஒரு ஒழுங்கு தெரியும். தினமும் 11 மணிக்கு என்றால் பசியோ சிறுநீரோ. எழுத்து வேலை கொடுத்ததும் என்றால் அந்த வேலை கடினம். மணியடிக்கும் முன் காதைப் பொத்துகிறான் என்றால் சத்தம். காரணத்துக்கு ஏற்றபடி 10.45க்குக் கழிப்பறை, பாதி வேலை, மணிக்கு முன்பே வெளியே கூட்டிப்போவது என்று திட்டத்தில் எழுதி, இரண்டு வாரம் கழித்து அதை மட்டும் மீளாய்வு செய்யலாம்.

"எனக்க மோளு படுத்த படுக்கை. வீட்டுக்கு வந்து சொல்லிக்குடுக்காங்க. அதுக்கும் மீளாய்வு உண்டா?"

உண்டு. கடும் ஊனமுள்ள, பல ஊனங்கள் உள்ள பிள்ளைக்கு வீட்டில் கல்வி பெறும் உரிமையைக் கட்டாயக் கல்விச் சட்டத்தின் 2012ஆம் ஆண்டுத் திருத்தம் தந்தது. வருகைக் குறிப்பேட்டில் வந்த நாளுக்கு மட்டும், வந்த அன்றே கையெழுத்திடுங்கள். மாதக் கடைசியில் மொத்தமாகக் கையெழுத்துப் போட்டால், மேலே சொன்ன 24க்கு 9 கணக்கைப் போடவே முடியாது.

வீட்டு மீளாய்வில் முதலில் பார்க்க வேண்டியவை பொருள்கள். காலிப்பரை (காலைத் தாங்கும் கருவியை) கழற்றி அரைமணி நேரமாகியும் சிவப்புத் தடம் மறையவில்லை என்றால் சிறியதாகிவிட்டது. நாற்காலியில் பாதம் தொங்கினாலோ இடுப்பு ஒரு பக்கம் சரிந்தாலோ அளவு மாற்ற வேண்டும். தூக்கும் அம்மாவுக்கு முதுகுவலி உண்டா என்றும் கேட்க வேண்டும். அது தாளில் வருவதே இல்லை. வெளியே கொண்டுபோக முடிகிற பிள்ளை என்றால் மாதம் ஒரு நாள் பள்ளிக்கு வருவதையும் இலக்காக வையுங்கள்.

"முன்னேற்றம்னு எழுதினா மாசம் வாற 2000 ரூவா நின்னு போகுமா?"

இந்தப் பயத்தில் பல வீடுகளில் பிள்ளை செய்வதையே மறைக்கிறார்கள். பராமரிப்பு உதவித்தொகையை வழங்குவது மாற்றுத்திறனாளிகள் நலத்துறை. அது பார்ப்பது மருத்துவச் சான்றிதழில் உள்ள ஊனத்தின் வகையையும் சதவீதத்தையும். "தானாகப் பல் துலக்குகிறாள்" என்று ஐ.இ.பி.யில் எழுதினால் சதவீதம் இறங்காது. சான்றிதழ் தற்காலிகமானதா, எப்போது காலாவதி என்பதைத்தான் நீங்கள் கவனிக்க வேண்டும்.

"பத்தாம் கிளாஸ் பரீட்சைக்கு ஆள் வச்சு எழுத எப்பம் கேக்கணும்?"

எட்டாம் வகுப்பு மீளாய்விலேயே. சொல்வதை எழுதுபவர், கூடுதலாக ஒரு மணி நேரம், ஒரு மொழிப்பாட விலக்கு முதலான சலுகைகளை ஊன வகையைப் பொறுத்து அரசுத் தேர்வுகள் இயக்ககம் தருகிறது. தலைமையாசிரியர் வழியாகச் சான்றிதழோடு கல்வியாண்டின் தொடக்கத்திலேயே விண்ணப்பிக்க வேண்டும். சி.பி.எஸ்.இ.யில் ஒரு மணி நேரத் தேர்வுக்கு 20 நிமிடம் கூடுதல். மூன்று மணி நேரத்துக்கு 60 நிமிடம்.

கற்றல் குறைபாட்டுக்கு 8 வயதுக்குப் பிறகுதான் சான்றிதழ் என்றும், 14 வயதிலும் 18 வயதிலும் மறுபடி சோதிக்க வேண்டும் என்றும் மத்திய அரசின் 2018ஆம் ஆண்டு வழிகாட்டுதல் சொல்லியது. 14 என்பது சரியாக ஒன்பதாம் வகுப்பில் வந்து நிற்கும். பழைய சான்றிதழோடு பத்தாம் வகுப்பில் போய் மாட்டிக்கொள்பவர்கள் இங்கேதான் தவறவிடுகிறார்கள்.

சலுகை கிடைத்தால் மட்டும் போதாது. வாயால் சொல்லி எழுதவைப்பது தனிப் பழக்கம். "அடுத்த பத்தி", "அந்த வரியை அடி", "படத்தில் இடப்பக்கம் எழுது" என்று சொல்லத் தெரிய வேண்டும். ஒன்பதாம் வகுப்புக் காலாண்டிலிருந்தே எல்லாத் தேர்விலும் ஆள் வைத்து எழுதவையுங்கள். பள்ளித் தேர்வில் மறுத்துவிட்டுப் பொதுத்தேர்வில் மட்டும் கேட்பதில் அர்த்தமில்லை.

"நாங்க பிரைவேட் ஸ்கூல். 'இதெல்லாம் கவர்மென்ட் பள்ளிக்குத்தான்'ங்காங்க."

மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 2016, பிரிவு 16, அரசு நிதி பெறும் பள்ளிகளோடு அரசு அங்கீகாரம் பெற்ற பள்ளிகளையும் சேர்த்தே சொல்கிறது. பாகுபாடில்லாமல் சேர்ப்பது, தேவைக்கேற்ற வசதி, ஒவ்வொரு மாணவரின் பங்கேற்பையும் முன்னேற்றத்தையும் கண்காணிப்பது எல்லாம் அதில் உண்டு. மீளாய்வுக்குச் சட்டத்தில் பிடிமானம் வேண்டுமென்றால் இந்தக் கண்காணிப்பு வரிதான். சபைப் பள்ளியானாலும் மெட்ரிக் பள்ளியானாலும் இதே பதில்.

"எழுதினது எனக்குச் சம்மதம் இல்ல. கையெழுத்துப் போடாம வரலாமா?"

போடாமல் வந்தால் நீங்கள் வரவே இல்லை என்று ஆகிவிடும். "கூட்டத்தில் கலந்துகொண்டேன். 3ஆம் இலக்கில் எனக்கு உடன்பாடில்லை, காரணம்..." என்று உங்கள் கையாலேயே எழுதித் தேதியோடு கையெழுத்திடுங்கள். பிறகு தலைமையாசிரியருக்கு ஒரு கடிதம்; நகலில் பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்குங்கள். அசைவில்லை என்றால் வட்டார வள மையம், அதன்பின் நாகர்கோவிலில் மாவட்ட முதன்மைக் கல்வி அலுவலகம், திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர்க்கும் நாள். கல்வித்துறை உதவி எண் 14417. கடைசிப் படி சென்னையிலுள்ள மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையர். முதல் கடிதத்தின் நகல் இல்லாமல் மேல்படிக்குப் போனால் "முதலில் பள்ளியில் கேளுங்கள்" என்று திருப்பி அனுப்புவார்கள்.

"அஞ்சாம் கிளாஸ் முடிஞ்சு வேற பள்ளிக்கூடம். பழைய திட்டம் தானா போகுமா?"

எமிஸ் எண் (கல்வித்துறையின் கணினிப் பதிவில் பிள்ளைக்குள்ள எண்) கூடவே போகும். தாள் போய்ச்சேரும் என்று நம்ப வேண்டாம். டி.சி. வாங்கும் அன்றே கடைசி மீளாய்வின் நகலையும் வாங்கிப் புதிய பள்ளியில் நீங்களே கொடுங்கள். மேலே ஒரு பக்கத்தில் ஐந்து விஷயம் எழுதி வையுங்கள்: எப்படிக் கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பாள், எதற்குப் பயப்படுவாள், கழிப்பறைக்கு எப்படிச் சைகை காட்டுவாள், என்ன மருந்து, எதைக் கொடுத்தால் வேலை நடக்கும். மே மாதம் கூட்டமில்லாதபோது ஒரு முறை கூட்டிப்போய் வகுப்பறையையும் கழிப்பறைப் படியையும் காட்டுங்கள்.

"பதினெட்டு வயசானா இந்தத் தாள் என்ன ஆகும்?"

ஐ.இ.பி. பள்ளியோடு நின்றுவிடும். அதனால் 15 வயதிலிருந்தே மீளாய்வில் ஒரு இலக்காவது தொழில், பயணம், பணம் இவற்றைத் தொட வேண்டும். அறிவுசார் குறைபாடு, ஆட்டிசம், பெருமூளை வாதம், பல்வகை ஊனம் உள்ளவர்களுக்கு 18க்குப் பிறகு பெற்றோரும் சட்டப்படி பாதுகாவலர் ஆவதற்கு விண்ணப்பிக்க வேண்டும். தேசிய அறக்கட்டளைச் சட்டம் 1999இன்படி ஆட்சியர் தலைமையிலான உள்ளூர்க் குழு அதை முடிவு செய்யும். வங்கிக் கணக்கிலோ நிலப் பத்திரத்திலோ கையெழுத்து கேட்கும் நாளில்தான் பலர் இதைத் தெரிந்துகொள்கிறார்கள். பிறப்புச் சான்றிதழ், யூ.டி.ஐ.டி. அட்டை (மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய அடையாள அட்டை), ஆதார் மூன்றிலும் பெயரும் பிறந்த தேதியும் ஒன்றுபோல இருக்கின்றனவா என்று 17 வயது மீளாய்வின்போதே பாருங்கள். ஓர் எழுத்து மாறியிருந்தாலும் திருத்துவதற்கு மாதக்கணக்காகும்.